சேவலின் அழகு யாருக்காக?



நம் தோட்டப்புறங்களில் கோழி வளர்க்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விடியற்காலையில் கூண்டைத் திறந்துவிட்டதும் முதலில் வெளியே வருவது சேவல்தான். சிவந்த கொண்டை, பொன்னிறக் கழுத்து, கரும்பச்சையாய் மின்னும் வால். அதன் பின்னால் வரும் பெட்டைக்கோழியோ மண்ணின் நிறம். அது சருகுக் குவியலுக்குள் அடைகாக்க உட்கார்ந்துவிட்டால், தேடிக் கண்டுபிடிக்க வீட்டுப் பிள்ளைகள் அரைநாள் அலைய வேண்டும். இரண்டும் ஒரே தாய்க்கோழியின் அடையில் பொரித்த குஞ்சுகள்; ஒரே தவிட்டையும் நொய்யையும் தின்று வளர்ந்தவை. அப்படியிருக்க, ஒன்றுக்கு ஏன் இத்தனை அலங்காரம்? மற்றொன்றுக்கு ஏன் ஒன்றுமே இல்லை?

"சேவல் என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் இந்தச் சிறிய கேள்வியைப் பற்றி உலகப் புகழ் பெற்ற அறிஞர்கள் இருவர் பல ஆண்டுகள் வாதாடினார்கள். அவர்கள் காலத்தில் அது தீரவில்லை. அதற்குப் பின்னும் நெடுங்காலம் தீரவில்லை. அந்த வாதத்தின் நடுவே நின்ற பறவைகளுள் ஒன்று நம் மலாயாக் காட்டுப் பறவை. அதற்கு வேண்டிய சான்றுகளைத் தேடித் தந்தவர்களுள் ஒருவர் சரவாக்கைச் சேர்ந்த மலாய் இளைஞர். அந்த வரலாற்றையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

பறவைகளின் அழகு மனிதன் கண்டு மகிழ்வதற்காகவே உண்டாக்கப்பட்டது என்று ஐரோப்பாவில் பலர் நெடுங்காலம் நம்பி வந்தனர். மயில் ஆடுவது நம் கண்ணுக்காக. கிளி பச்சையாயிருப்பது நம் மனம் குளிர்வதற்காக. மனிதனை நடுவில் உட்கார வைத்து மற்ற உயிர்களையெல்லாம் அவனைச் சுற்றி நிறுத்திப் பார்த்த காலம் அது.

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். வயது 31. செல்வர் அல்லர், பட்டம் பெற்றவரும் அல்லர். பதினான்கு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர். பறவைகள், வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள் ஆகியவற்றைப் பிடித்துப் பதம் செய்து லண்டனுக்கு அனுப்பி, அவை விற்ற பணத்தில் வாழ்க்கை நடத்தியவர். சிங்கப்பூரில் புக்கிட் தீமா காட்டில் சேகரிப்பைத் தொடங்கினார். அதே ஆண்டில் மலாக்காவுக்கு வந்தார். அங்கிருந்து ஆங்கிலேயர் ஓபிர் மலை என்று அழைத்த குனோங் லேடாங்கில் ஏறினார்.

அந்த மலைக்காட்டில் ஒரு பறவையின் கூவல் அவர் காதில் விழுந்தது. "குவாவ், குவாவ்" என்று காட்டையே எழுப்பும் குரல். மலாய் மக்கள் அந்தக் குரலைக் கொண்டே அதற்குக் குவாங் ராயா என்றும் குவாவ் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர் வைத்த பெயர் ஆர்கஸ். கிரேக்கப் புராணத்தில் உடம்பெல்லாம் கண்ணுடைய ஓர் அரக்கனின் பெயர் அது. நம் காட்டுக்கோழிக்கும் மயிலுக்கும் உறவான பறவை இது. ஆண்பறவையின் நீளம் வாலோடு சேர்த்து ஏறத்தாழ 2 மீட்டர் வரை இருக்கும். அதன் சிறகிறகுகளில் கண் கண்ணாக வட்டப் புள்ளிகள் வரிசையாய் அமைந்திருக்கின்றன.

அந்தப் பறவை ஒன்றைச் சுட்டுத் தர முடியுமா என்று தம்முடன் வந்த மலாய்க்காரரிடம் வாலஸ் கேட்டார். அவரோ, இருபது ஆண்டுகளாக இந்தக் காடுகளில் பறவை சுட்டு வருவதாகவும், இதை ஒரு முறைகூடச் சுட்டதில்லை என்றும், கண்ணியில் சிக்கிய பிறகு பார்த்ததைத் தவிர உயிரோடு நடமாடிப் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார். அவ்வளவு கூச்சம் உள்ள பறவை அது. ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் ஓடி மறைந்துவிடும்.

இதைக் கேட்ட வாலஸ் என்ன முடிவுக்கு வந்தார்? கண்காட்சி மண்டபத்தில் வைத்தால் நம் கண்ணைப் பறிக்கும் இந்தப் பழுப்பு நிறமும் புள்ளிகளும், காட்டில் காய்ந்த சருகுகளோடு கலந்து அந்தப் பறவையை மறைத்துவிடும் என்று எழுதினார். அதாவது, அழகு என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு மறைப்பு. இந்தக் கருத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது தேவைப்படும்.

1855இல் வாலஸ் சரவாக்கில் இருந்தபோது அலி என்ற மலாய் இளைஞரை வேலைக்கு வைத்தார். அப்போது அலிக்கு வயது ஏறத்தாழ 15. முதலில் அவருக்குச் சமையல் வேலைதான். படகு செலுத்தத் தெரிந்தவர். விரைவில் பறவை சுடவும், தோலை உரித்துப் பதம் செய்யவும் கற்றுக்கொண்டார். வாலஸ் காய்ச்சலில் விழுந்தபோதெல்லாம் அருகிலிருந்து கவனித்துக்கொண்டவரும் அவரே. எட்டு ஆண்டுப் பயணத்தில் வாலஸ் சேகரித்த உயிரினங்கள் மொத்தம் 1,25,660. அவற்றுள் பறவைகள் மட்டும் 8,050. அந்தப் பறவைகளில் பெரும்பகுதி அலியின் கையால் சேர்ந்தவை என்று பிற்கால ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

1857இல் இருவரும் நியூகினிக்கு அருகிலுள்ள ஆரு தீவுகளுக்குச் சென்றனர். சொர்க்கப் பறவைகள் வாழும் இடம் அது. மலாய் மொழியில் செண்டராவாசி என்று சொல்லப்படும் பறவைகள் இவையே. காட்டில் குறிப்பிட்ட சில மரங்களில் ஆண்பறவைகள் ஒன்றாகக் கூடும். சிறகைத் தூக்கி, பொன்னிற இறகுக் கொத்தை விசிறியாய் விரித்து, கிளைக்குக் கிளை தாவி ஆடும். இதைப் பற்றி எழுதும்போது வாலஸ் ஓர் அரிய உண்மையைச் சொன்னார். எண்ணற்ற தலைமுறைகளாக இந்தப் பறவைகள் மனிதக் கண் படாத இருண்ட காடுகளில் பிறந்து, ஆடி, மடிந்திருக்கின்றன. அப்படியானால் இந்த அழகு மனிதனுக்காக ஏற்பட்டதாக இருக்க முடியாது.

சரி, மனிதனுக்காக இல்லை. பிறகு யாருக்காக?

1858ஆம் ஆண்டு அக்டோபரில், மொலுக்கஸ் தீவுகளுள் ஒன்றான பாச்சானில், அலி காட்டிலிருந்து ஒரு பறவையை இடுப்பில் தொங்கவிட்டபடி வந்தார். யாரும் எழுதி வைத்திராத புதுவகைச் சொர்க்கப் பறவை அது. மார்பில் மின்னும் பச்சைக் கவசம். ஒவ்வொரு சிறகிலிருந்தும் இரண்டிரண்டு நீண்ட வெள்ளை இறகுகள் கொடிபோல் எழுந்து நின்றன. வாலஸ் தம் பயணத்திலேயே கிடைத்த பெரும் பரிசாக அதை மதித்தார். 1859இல் லண்டனில் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது வாலஸின் பெயரை வைத்தார்கள். அலியின் பெயரை வைக்கவில்லை. அந்தப் பறவையை முதலில் கண்டது அலியின் கண்கள்தாம் என்பதை வாலஸ் தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் இன்று நாமும் அதைத் தெரிந்துகொள்கிறோம்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே இருந்தவர் சார்லஸ் டார்வின். உயிர்கள் இயற்கையின் தேர்வால் தலைமுறை தலைமுறையாக மாறி வந்தன என்ற கருத்தை டார்வினும் வாலஸும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் லண்டனில் இருவர் எழுத்துகளும் ஒன்றாகப் படிக்கப்பட்டன. பிழைக்க உதவும் தன்மை உடைய உயிர் பிழைத்துக் குட்டி போடும். அந்தத் தன்மை அடுத்த தலைமுறைக்கும் போகும். இதுவே அக்கருத்தின் சுருக்கம்.

இதில் டார்வினுக்கு ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. அது மயில் தோகை. இத்தனை பெரிய தோகையைச் சுமந்துகொண்டு மயில் எப்படி ஓடும்? எப்படிப் பறக்கும்? பகைவன் கண்ணில் உடனே படாதா? பிழைக்க உதவாத பொருள் எப்படி வளர்ந்தது? மயிலிறகைப் பார்த்தாலே தமக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று 1860இல் நண்பர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார்.

அவர் கண்ட விடை இது. பிழைப்பது மட்டும் போதாது. துணையும் கிடைக்க வேண்டும். துணை கிடைக்காத பறவை நூறு வயது வாழ்ந்தாலும் அதன் தன்மை அதனோடு போய்விடும். பெட்டை, தன் முன்னே ஆடும் ஆண்களுள் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறது. சற்றே மின்னும் இறகுள்ள ஆண் அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையாகிறது. அதன் ஆண்குஞ்சுகளும் சற்றே மின்னுகின்றன. அவற்றுள் இன்னும் மின்னுவதை அடுத்த தலைமுறைப் பெட்டை தேர்ந்தெடுக்கிறது. இப்படி ஆயிரமாயிரம் தலைமுறைகள் போனால் மயில் தோகை உண்டாகிறது.

இதை விளக்க டார்வின் கோழி வளர்ப்போரையே உதாரணம் காட்டினார். தமக்குப் பிடித்த நிறமும் நடையும் உள்ள சேவலையே இனத்துக்கு விட்டு, சில ஆண்டுகளிலேயே மனிதர் ஓர் அழகான சிறுகோழி இனத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். மனிதன் சில ஆண்டுகளில் செய்வதைப் பெட்டைகள் பல்லாயிரம் தலைமுறைகளில் செய்ய முடியாதா என்று கேட்டார். நல்ல விதைச் சேவலைக் குஞ்சிலிருந்தே பார்த்து ஒதுக்கி வைக்கும் நம் பாட்டிமாருக்கு இந்த வாதம் உடனே விளங்கியிருக்கும்.

1871இல் டார்வின் எழுதிய மனிதனின் தோற்றம் பற்றிய பெருநூலில், நம் காட்டு ஆர்கஸ் பறவைக்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். அதன் இறகிலுள்ள கண்கள் வெறும் புள்ளிகள் அல்ல. கிண்ணத்துக்குள் ஒரு பந்து இருப்பதுபோல் நிழலும் ஒளியும் சேர்ந்து தோன்றுகின்றன. இறகை நட்டமாக நிறுத்திப் பார்த்தால், மேலிருந்து வெளிச்சம் விழும் பந்தாகவே அது தெரியும். ஆண்பறவை ஆடும்போது சிறகுகளை அப்படித்தான் தூக்கி நிறுத்துகிறது! மடக்கி வைத்திருக்கும்போது இந்தக் கண்கள் வெளியில் தெரிவதில்லை. இன்னொன்றையும் டார்வின் கண்டார். ஒரே பறவையின் இறகுகளை வரிசையாக அடுக்கினால், சாதாரணக் கறை, நீண்ட கறை, அரைவட்டம், முழுக்கண் என்று படிப்படியான வளர்ச்சி தெரிகிறது. எவரும் ஒரே நாளில் வரைந்ததில்லை. சிறுகச் சிறுக உண்டானது என்பதற்கு அது சான்று.

இங்கேதான் வாலஸ் பிரிந்து நின்றார். இவ்வளவு நுட்பமான நிழலையும் ஒளியையும் ஒரு பெட்டைப் பறவை உற்றுப் பார்த்து, வேறுபாடு கண்டு, தேர்ந்தெடுக்கிறது என்பதை என்னால் நம்ப முடியாது என்றார். ஆண்பறவையின் நிறம் அதன் உடல் வலிமை பொங்கி வழிவதால் வருவது; அதற்குப் பெட்டையின் ரசனை காரணமன்று என்பது அவர் கட்சி. ஓபிர் மலையின் சருகு நிறம் அவர் நினைவை விட்டுப் போகவே இல்லை போலும்.

வாலஸ் எளிதில் பிடிவாதம் பிடிப்பவர் அல்லர். அவர் கேட்ட மறுகேள்வி இன்றும் மதிக்கத்தக்கது. சேவல் ஏன் அழகு என்று கேட்கிறீர்களே, பெட்டை ஏன் மங்கல் என்று கேளுங்கள் என்றார். 1868இல் பறவைக் கூடுகளைப் பற்றி எழுதியபோது இதை விளக்கினார். திறந்த கூட்டில் அடைகாக்கும் பெட்டை பளிச்சென்று இருந்தால் பாம்பும் பருந்தும் கண்டுகொள்ளும். அதனால் மங்கலான பெட்டைகளே பிழைத்தன. ஆனால் மரப்பொந்திலும் மண்குழியிலும் முட்டையிடும் இனங்களில் பெட்டையும் பெரும்பாலும் ஆணைப்போலவே பளபளப்பாக இருக்கும். நம் ஆற்றோரத்து மீன்கொத்தியைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஒரே நீலம். கரையில் குழி தோண்டி உள்ளே முட்டையிடுகிறது. மரப்பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்கும் இருவாட்சியிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. நம் நாட்டுச் சதுப்பு நிலங்களிலும் வயல்களிலும் மயிலுள்ளான் என்ற பறவை வாழ்கிறது. இதில் எல்லாம் தலைகீழ். பெட்டை செம்பழுப்புக் கழுத்தோடு அழகாக இருக்கும், ஆண் மங்கல். ஏன்? இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. யார் கூட்டில் உட்காருகிறாரோ அவருக்குச் சருகு நிறம். அழகு ஆணுக்கு உரிய தனிச் சொத்து அன்று என்பது இதனால் விளங்குகிறது.

ஆக, பெட்டையின் மங்கல் நிறத்துக்கு வாலஸ் சொன்ன காரணம் பெரும்பாலும் சரியே. ஆணின் அழகுக்கு டார்வின் சொன்ன காரணத்தைத்தான் உலகம் ஏற்க மறுத்தது. ஏன் மறுத்தது? சான்று போதவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 1871இல் மைவர்ட் என்ற அறிஞர், பெண்ணின் மனம் நிலையில்லாதது. அந்தச் சபலத்தால் இவ்வளவு ஒழுங்கான நிறக்கோலம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்க முடியுமா என்று கேட்டார். நேயர்களே, இந்தக் கேள்வி பறவையைப் பற்றியது மட்டும்தானா? பெண்ணுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. வீட்டில் பெண்ணுக்கு முடிவெடுக்கும் அறிவு இல்லை என்று எண்ணியவர்களுக்கு, காட்டில் ஒரு பெட்டை தன் கண்ணால் பார்த்து, தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்து, ஓர் இனத்தின் உருவத்தையே மாற்றியது என்பது எப்படி நம்பத்தக்கதாக இருக்கும்? விந்தை என்னவென்றால், 1890இல் அதே வாலஸ், பெண்கள் பொருளாதாரத் தளை நீங்கித் தாமே கணவரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் மனித குலம் மேம்படும் என்று எழுதினார். பெண்ணுக்குக் கொடுத்த நம்பிக்கையைப் பெட்டைப் பறவைக்கு மட்டும் அவர் கொடுக்கவில்லை.

டார்வின் 1882இலும் வாலஸ் 1913இலும் மறைந்தனர். வாதம் உறங்கிப்போயிற்று. இடையில் ரொனால்டு பிஷர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1915இலும் 1930இலும் அதைத் தட்டி எழுப்பினார். நீண்ட வாலை விரும்பும் பெட்டைக்கு நீண்ட வாலுள்ள மகன்கள் பிறப்பார்கள். நீண்ட வாலை விரும்பும் மகள்களும் பிறப்பார்கள். விருப்பமும் வாலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வளரும் என்று அவர் காட்டினார். 1975இல் இஸ்ரேலைச் சேர்ந்த சகாவி வேறொன்று சொன்னார். அழகு ஒரு சுமை. அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டும் ஓர் ஆண் உயிரோடு இருக்கிறது என்றால் அது வலிமையானது என்பதற்கு அதுவே அடையாளம். அதனால்தான் பெட்டை அதை நம்புகிறது என்றார்.

பேச்சு போதாது, சோதனை வேண்டும் அல்லவா? 1982இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மால்ட்டே ஆண்டர்சன் கென்யாவில் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். அங்குள்ள ஒரு கரிய சிறுபறவையின் ஆணுக்கு அரை மீட்டர் நீள வால். சில ஆண்களின் வாலைக் கத்தரித்துக் குட்டையாக்கினார். வெட்டிய இறகை வேறு சில ஆண்களின் வாலில் பசையால் ஒட்டி நீளமாக்கினார். சிலவற்றை வெட்டி, அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டினார். சிலவற்றைத் தொடவே இல்லை. பிறகு, எந்த ஆணின் இடத்தில் எத்தனை பெட்டைகள் புதிதாகக் கூடு கட்டின என்று எண்ணினார். ஒட்டுவால் வைத்த ஆண்களிடமே அதிகப் பெட்டைகள் வந்தன. பறவை அதேதான், வால் மட்டுமே மாறியது. பெட்டை பார்க்கிறது, பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. டார்வின் மறைந்து சரியாக நூறாவது ஆண்டில் அவர் சொன்னதற்கு இந்தச் சான்று கிடைத்தது.

பெட்டை எதைப் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் கொல்லைக் கோழியே விடை சொல்கிறது. நாம் வளர்க்கும் கோழிகளெல்லாம் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தவை. 1990இல் மார்லின் சூக் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் சில காட்டுச் சேவல் குஞ்சுகளுக்குக் குடற்புழு ஏற்றி வளர்த்தார்கள். சிலவற்றை நோயின்றி வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு, பெட்டைகள் நோயில்லாத சேவல்களையே பெரும்பாலும் விரும்பின. புழு கண்ட சேவலின் கொண்டை சிறுத்து, நிறம் வெளுத்திருந்தது. கோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் கொண்டையைப் பார்த்தே நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்களே, அதே வைத்தியம்தான் பெட்டைக்கும் தெரிந்திருக்கிறது!

நிறம் எப்படி உடல்நலத்தைக் காட்டும் என்று கேட்கலாம். பறவையின் நிறங்கள் பெரும்பாலும் மூன்று வழியில் உண்டாகின்றன. கருமையும் பழுப்பும் உடம்பே உண்டாக்கும் மெலனின் என்ற பொருளால் வருபவை. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவதும் அதுவே. காகத்தின் கருமையும் ஆர்கஸ் பறவையின் கண்புள்ளிகளும் இந்த வகை. மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் உணவிலிருந்து வருபவை. காரட், பப்பாளி ஆகியவற்றுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு இனப் பொருள்களைப் பறவை தானே செய்துகொள்ள முடியாது. பழத்திலும் பூச்சியிலும் இருந்து தேடித் தின்ன வேண்டும். தேடத் தெரிந்த, நோயில்லாத பறவைக்கே நல்ல நிறம் ஏறும். அமெரிக்காவின் ஒரு சிட்டு இனத்தில் சிவப்பு மிகுந்த ஆண்களையே பெட்டைகள் விரும்புவதை ஜெப்ரி ஹில் என்பவர் 1991இல் காட்டினார்.

மூன்றாவது வகை நிறம், சாயமே இல்லாத நிறம். மீன்கொத்தியின் நீலமும் மயிலின் பச்சையும் இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுபவை. சவர்க்கார நுரைக் குமிழியில் வானவில் தெரிவதில்லையா? ஏறத்தாழ அதுபோல. மயிலிறகைத் தண்ணீரில் நனைத்தால் அந்த மினுக்கம் மறைவதை 1665லேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்.

இதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1991இல் இங்கிலாந்தில் மயில்களை ஆராய்ந்தவர்கள், தோகையில் கண்கள் மிகுந்த ஆணையே பெட்டைகள் தேர்ந்தெடுத்ததாகக் கண்டனர். 2008இல் ஜப்பானில் ஏழு ஆண்டுகள் மயில்களைக் கவனித்தவர்கள், அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினர். நிறத்துக்குப் பயன்களும் பல. ஒளிந்துகொள்ள, பகைவனை எச்சரிக்க, தன் இனத்தை அடையாளம் காண என்று அவை விரியும். அதோடு, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் பல பறவைகள் பார்க்கின்றன. நாம் மங்கல் என்று ஒதுக்கும் பறவை, அதன் துணையின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்ற பழமொழியில் நாம் நினைத்ததைவிட அதிகப் பொருள் இருக்கிறது.

மீண்டும் நம் ஆர்கஸ் பறவைக்கு வருவோம். அடர்ந்த காட்டுக்குள் ஆண்பறவை ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கு கிடக்கும் சருகையும் குச்சியையும் அலகால் எடுத்து வீசி, களம்போல் சுத்தம் செய்கிறது. பெரட்டுக்கு முன் வாசல் கூட்டும் நம் வீட்டுப் பெண்களைப்போல, நாள்தோறும் அதைக் கூட்டி வைக்கிறது. அங்கு நின்று கூவுகிறது. பெட்டை வந்தால் சுற்றிச் சுற்றி நடந்து, இரு சிறகையும் பெரிய கேடயம்போல் முன்னே விரித்து நிற்கிறது. அப்போதுதான் அந்த நூறு கண்களும் திறக்கின்றன. பெட்டை பார்க்கிறது. பிடித்தால் சேர்கிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. பிறகு முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளைத் தனியாகவே வளர்க்கிறது. மடக்கிய சிறகு சருகில் மறையும் என்ற வாலஸும் சரி. விரித்த சிறகு பெட்டைக்காக என்ற டார்வினும் சரி. ஒரே இறகில் இருவர் உண்மையும் இருக்கிறது.

இந்தப் பறவை ரப்பர்த் தோட்டத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ வாழாது. அதற்குக் காடுதான் வேண்டும். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து, துரைமார் ஏவியபடி வெட்டித் திருத்திய காடுகளில் எத்தனை ஆடுகளங்கள் இருந்தனவோ, யார் கண்டார்கள்? அந்தக் குற்றம் வயிற்றுப்பாட்டுக்காக மண்வெட்டி பிடித்தவர்களுடையது அன்று. ஆனால் எஞ்சியிருக்கும் காட்டைக் காப்பதில் மற்றவர்களைப்போல நமக்கும் பங்கு உண்டு.

அலி என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கலாம். 1862இல் சிங்கப்பூரில் வாலஸ் அவரைப் படம் பிடிக்கச் செய்து, துப்பாக்கிகளும் பணமும் கொடுத்து விடைபெற்றார். 1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் தெர்னாத்தே தீவில் ஒரு முதியவரைச் சந்தித்தார். அந்த முதியவர் தம் பெயரை "அலி வாலஸ்" என்று சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் தாம் செய்த வேலையைத் தம் பெயரோடு சேர்த்தே வைத்திருந்தார் அவர்.

நேயர்களே, ஓபிர் மலையில் வழிகாட்டிய மலாய்க்காரரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கண்டு சொன்ன செய்தி உலக நூல்களில் நிற்கிறது. படிப்பறிவு குறைந்தவர் என்று பிறர் நினைத்தவர்களின் கண்ணும், அறிவே இல்லை என்று அறிஞர்கள் நினைத்த பெட்டைப் பறவையின் கண்ணும், இந்த வரலாற்றில் முக்கிய இடம் பெற்றிருக்கின்றன. நாளைக் காலை கோழிக்கூண்டைத் திறந்துவிடும் பிள்ளையை அருகில் அழைத்து, "சேவல் ஏன் அழகாக இருக்கிறது, பெட்டை ஏன் மண் நிறம்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே விடை சொல்லிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.